கணியம்பாடி என்ற பெயர் எங்கே போனது?



கல்லூரிகளில் வேலை பார்க்கும் உங்களில் சிலர் பேசும்போது "என் கட்டுரைக்கு இத்தனை சைட்டேஷன் சார்" என்கிறீர்கள். ஒரு ஆய்வுக் கட்டுரையைப் பின்னால் வந்த எத்தனை பேர் சான்றாகக் காட்டினார்கள் என்ற கணக்கு அது. விஞ்ஞானிகளுக்கு முன்பே வக்கீல்கள் இதைச் செய்தார்கள். 1873-ல் அமெரிக்காவில் ஷெப்பர்ட் என்பவர், ஒரு தீர்ப்பைப் பிந்தைய எந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின என்று பட்டியல் போட்டு விற்றார். அதே வழியை அறிவியலுக்கும் கொண்டுவரலாம் என்று யூஜின் கார்ஃபீல்டு 1955-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அறுபதுகளில் அந்த அட்டவணை அச்சாகியும் வந்தது.

இந்தக் கணக்கில் நம் ஒன்றியத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் சமூக சுகாதாரத் துறையினர் கணியம்பாடி ஒன்றியத்தில், சுமார் 1 லட்சத்து 8 ஆயிரம் மக்களின் பிறப்பு இறப்புகளை ஊர் ஊராகப் பதிவு செய்து வந்தார்கள். இறந்தவர் வீட்டாரிடம் பொறுமையாக விசாரித்துக் காரணத்தை எழுதினார்கள். டாக்டர் ஆபிரகாம் ஜோசப் குழுவினர் 2003-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை வெளியிட்டார்கள். 1994 முதல் 1999 வரை ஆண்டுக்கு லட்சம் பேரில் சராசரியாக 95 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அப்போது அரசுக் கணக்கில் நாட்டின் சராசரி 11-ஐ ஒட்டித்தான் இருந்தது.

மறு ஆண்டு லான்செட் இதழில் ரீட்டா ஆரோன் குழுவினர் எழுதியது இன்னும் கொடுமை. 10 முதல் 19 வயதுக்குள், லட்சம் ஆண் பிள்ளைகளில் 58, பெண் பிள்ளைகளில் 148. நம் வகுப்பறை வயது! (மனசு கனத்துப் போனால் தயங்காமல் 104-க்குப் பேசுங்கள்.)

அரசுக் கணக்கு ஏன் அவ்வளவு குறைவு? அது போலீஸ் பதிவிலிருந்து வருவது. தற்கொலைக்கு முயல்வதே குற்றம் என்று சட்டம் சொன்ன காலம். "காய்ச்சலில் போய்விட்டாள்" என்று சொல்லி முடித்துக்கொள்ளத்தான் வீட்டார் பார்ப்பார்கள். 2017-ல் வந்த மனநலச் சட்டம்தான் அந்தத் தண்டனைப் பயத்தைப் பெரும்பாலும் போக்கியது.

இந்த இரண்டு கட்டுரைகளையும் உலகம் முழுவதும் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் தலைப்பைப் பாருங்கள். ஒன்றில் 'கிராமப்புற இந்தியா', மற்றதில் 'கிராமப்புறத் தென்னிந்தியா'. ஊர்ப் பெயர் உள்ளே போய்ப் படித்தால்தான் தெரியும். தலைப்பை மட்டும் பார்த்து எடுத்தாள்பவருக்கு ஒரு ஒன்றியத்தின் 148, தென்னிந்தியா முழுவதற்குமான 148 ஆகிவிடும். இது சின்ன விஷயம் இல்லை. விழுப்புரம் மாவட்டத்தில் 1997-98-ல் நடந்த 39,000 மரணங்களை இதே முறையில் விசாரித்து கஜலட்சுமியும் ரிச்சர்டு பீட்டோவும் 2007-ல் எழுதியபோது, எல்லா வயதினருக்கும் சேர்த்து லட்சத்துக்கு 62 என்று வந்தது. நம் 95-ஐவிடக் குறைவு, அரசுக் கணக்கைவிடப் பல மடங்கு அதிகம். நூறு பேர் மேற்கோள் காட்டுவதைவிட, இப்படி ஒருவர் வேறு இடத்தில் போய் எண்ணிப் பார்ப்பதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன்.

2006-ல் சி.எம்.சி. குழுவினரே எழுதிய மற்றொரு கட்டுரையின் தலைப்பில் 'கணியம்பாடி ஒன்றியம்' என்று முழுசாக இருக்கிறது. படித்ததும் எனக்குச் சந்தோஷம்.

பிறகு 2012-ல் நாடு முழுவதும் வீடு வீடாக விசாரித்த ஆய்வு லான்செட்டில் வந்தது. 2010-ல் மட்டும் சுமார் 1,87,000 தற்கொலைகள் என்றது அது. போலீஸ் கணக்கில் 1,34,599.

எந்த மேற்கோள் கணக்கிலும் வராத ஒரு கூட்டம் உண்டு: தெருத்தெருவாக நடந்து பதிவு செய்த ஊர் சுகாதாரப் பணியாளர்கள். உங்கள் வீட்டில் அம்மாவோ அத்தையோ அந்த வேலை பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள்.