கழுநீர்ப் பானை இருந்த இடம்

காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் கஞ்சி ஓடியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அறச்சாலைகளில் சோறு வடித்த கஞ்சி தெருவெங்கும் பெருக்கெடுக்கிறது. காளைகள் அதில் இறங்கி முட்டிக்கொள்ள, தெரு சேறாகிறது. சேறு காய்ந்ததும் தேர்கள் ஓடிக் கிளப்பும் புழுதி, வெள்ளை மாளிகைகளின் சுவரில் அப்பிக்கொள்கிறது. பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்கு இது ஊரின் செழிப்பு. இன்றைய சுகாதார ஆய்வாளர் கண்ணில் பட்டிருந்தால் அறச்சாலைக்கு அபராத ரசீது கிழித்திருப்பார்.

அந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது காளைகளை. கஞ்சி இருக்கும் இடத்துக்கு மாடு வந்துவிடுகிறது. தமிழ்நாட்டு அடுக்களைக் கழிவின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த உறவின் கதைதான். அந்த உறவு அறுந்த பிறகுதான், நாளைக் காலை குப்பை வண்டி வரும்வரை இந்த மீன் கழிவை எங்கே வைப்பது என்ற கேள்வியே வீடுகளுக்குள் வந்தது.

அறுபது, எழுபது வயதுக்காரர்களுக்குக் கழுநீர்ப் பானை நினைவிருக்கும். கொல்லைக் கதவை ஒட்டி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், விளிம்பு உடைந்த மண்பானையோ பழைய அண்டாவோ ஒன்று உட்கார்ந்திருக்கும். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, மாவுச் சட்டி கழுவிய தண்ணீர், வாழைக்காய்த் தோல், கீரைத் தண்டு, பூசணிக் குடல் எல்லாம் அதற்குள் போகும். சென்னைப் பேச்சில் அது ‘கழனித் தண்ணி’. அரிசி களைந்த தண்ணீரிலும் எல்லாமே மாட்டுக்குப் போய்விடாது. முதல் முறை களைந்தது பானைக்கு. இரண்டாவதாகக் களைந்த மண்டி குழம்புக்கு. செட்டிநாட்டுச் சமையலில் அந்த மண்டியை வைத்தே ஒரு பதார்த்தம் இருக்கிறது.

வீட்டில் மாடு இல்லாவிட்டாலும் பானை இருந்தது. தெருவில் யாராவது மாடு வைத்திருப்பார்கள். அந்த வீட்டுப் பெண் தகர டின்னோ வாளியோ எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்து பானையைக் கவிழ்த்துக்கொண்டு போவார். தவிடும் புண்ணாக்கும் கலந்து அது மாட்டுத் தொட்டிக்குப் போகும். இதற்குக் காசு கிடையாது. கன்று ஈன்றால் ஒரு சொம்பு சீம்பால் வரும், அளக்கிற பாலில் ஒரு கை கூடுதலாக விழும். கணக்கு எழுதாத வரவு செலவு அது.

அந்தப் பானைக்குச் சட்டதிட்டம் இருந்தது. மீன் முள் விழக்கூடாது. முட்டை ஓடு கூடாது. எலுமிச்சை மூடி, ஊறுகாய், தலைமுடி, ஊசி எதுவும் கூடாது. மீறினால் மறுநாள் வாசலில் சண்டை. “மாட்டுக்கு வயித்துல போனா யாரு பதில் சொல்றது?” என்ற ஒரு கேள்விக்குத் தெருவே அடங்கும். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்கும்படி அரசாங்கம் இப்போது சுவரெழுதிக் கேட்பதை அந்தக் காலத்தில் பசுமாடு கேட்டு வாங்கியது.

பானை நாறவில்லையா? வாசம் இருந்தது, ஆனால் அது புளித்த வாசம். அரிசித் தண்ணீரிலும் கஞ்சியிலும் இருக்கும் மாவுச்சத்தில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சீக்கிரம் குடியேறும். அவை உண்டாக்கும் அமிலத்தில், அழுகலுக்குக் காரணமான மற்ற நுண்ணுயிர்கள் தலையெடுக்க முடியாது. இட்லி மாவைக் காப்பதும் இதே வேலைதான். ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் ஊசிப்போகாமல் பழையதாகக் கிடைப்பதும் இதனால்தான். பழையது இருந்ததால் மிச்சச் சோறு கழிவுக் கணக்கிலேயே வரவில்லை. ஜப்பானில் தெருவோ ஹிகா என்ற தோட்டக்கலைப் பேராசிரியர் 1980-களில் பரப்பிய நுண்ணுயிர்க் கலவையை வைத்து, மூடிய வாளியில் சமையல் கழிவைப் புளிக்க வைக்கும் ‘பொகாஷி’ முறை இன்று நகரத்து மாடித்தோட்டக்காரர்களிடம் பிரபலம். கொல்லைப் பானையில் நடந்ததற்கு அது அவ்வளவு தூரத்து உறவு இல்லை.

பானைக்குப் போகாததற்கு வேறு வழிகள் இருந்தன. மீன் கழுவிய தண்ணீர் முருங்கைக்கோ தென்னைக்கோ போகும். செதிலும் குடலும் காக்கைக்கும் பூனைக்கும். எலும்பு தெரு நாய்க்கு. வாழை இலை ஆட்டுக்கு, மாட்டுக்கு. அதற்கும் மிஞ்சியது குப்பைக்குழியில் விழும். அதன்மேல் அடுப்புச் சாம்பல் கொட்டப்படும்.

இந்தச் சாம்பலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். விறகடுப்பு எரிந்த வீட்டில் தினமும் முறம் நிறையச் சாம்பல் சேரும். பாதி தேங்காய் நாரோடு சேர்ந்து பாத்திரம் தேய்க்கப் போகும், மீதி குழிக்கு. சாம்பல் ஈரத்தை உறிஞ்சும். காரத்தன்மை உள்ளது என்பதால் புளித்த நாற்றத்தை மட்டுப்படுத்தும். மேலே படிந்த அடுக்கு ஈ முட்டையிட விடாமல் தடுக்கும். கழிவு நாறுவதற்கு முக்கியமாக இரண்டு வேண்டும்: ஈரம் நிற்க வேண்டும், காற்று புகாமல் இருக்க வேண்டும். காற்றில்லாத இடத்தில் பெருகும் பாக்டீரியாக்கள்தான் புரதத்தை உடைத்து, அழுகிய முட்டை வீச்சமுள்ள ஹைட்ரஜன் சல்பைடையும் அதன் சொந்தக்காரர்களையும் வெளியே விடுகின்றன. சாம்பல் போட்ட குழியில் ஈரம் நிற்காது. வருஷத்துக்கு ஒருமுறை, கோடையில், வண்டி கட்டிக் குழியைக் காலி செய்து வயலுக்கு எருவாக அடிப்பார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது பழைய காலம் சந்தனமாக மணந்தது என்று நினைத்துவிடக் கூடாது. எடுப்புக் கழிப்பறைகளும் திறந்த சாக்கடைகளும் இருந்த ஊர்கள் அவை. வீட்டுக்குள் நாறாமல் இருந்ததற்குக் காரணம், நாறுவதை யாரோ அள்ளிக்கொண்டு போனார்கள் என்பதும்தான். அந்த யாரோ எந்தச் சாதியில் பிறந்தார்கள் என்பதை ஊர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தது. மாட்டுக்குப் போன கழுநீரைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் அந்தப் பக்கத்தைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

ஊர்க் குப்பையை உரமாக்குவதை அறிவியலாகச் செய்ய முயன்றவர்களும் இருந்தார்கள். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வேளாண் அறிஞர் இந்தூரில் யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து, சாணமும் செத்தையும் மண்ணும் சாம்பலும் அடுக்கி, புரட்டிப் புரட்டிக் காற்று கொடுத்து மக்க வைக்கும் முறையை உருவாக்கி 1931-ல் புத்தகமாக வெளியிட்டார். சாம்பல் அங்கேயும் வந்துவிட்டதைக் கவனிக்கலாம். 1939-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆச்சார்யா வேறொரு வழி கண்டார்: நகரக் குப்பையையும் மலத்தையும் குழியில் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே மண்ணால் மெழுகி மூடிவிடுவது. புரட்ட ஆள் வேண்டாம், ஈ மொய்க்காது, நாற்றமும் அடங்கும். வேளாண் பாடப் புத்தகங்களில் இந்தூர் முறை, பெங்களூர் முறை என்று இவை இன்னமும் அடுத்தடுத்த பத்திகளில் இருக்கின்றன.

பிறகு பானையும் குழியுமாக இருந்த அந்த வீட்டு ஏற்பாடு ஒவ்வொன்றாகக் கழன்றது. சென்னை நகரத்துக்குள் இருந்த மாடுகளை வெளியேற்றும் யோசனையில் மாதவரம் பால் காலனி உருவானது. 1960-களில் அங்கே பால் பண்ணையும் வந்தது. பால் முதலில் பாட்டிலிலும் பிறகு பாக்கெட்டிலும் வரத் தொடங்கியதும் தெருக்கோடி மாட்டுக்கும் வீட்டுக்குமான கொடுக்கல் வாங்கல் நின்றது. நகர்ப்பகுதிகளில் விலங்குகளும் பறவைகளும் வளர்ப்பதைக் கட்டுப்படுத்த 1997-ல் மாநில அரசு சட்டமே கொண்டுவந்தது. இன்னொரு பக்கம் கேஸ் அடுப்பு வந்தது. புகை போனதை எல்லாரும் பேசினார்கள்; கூடவே சாம்பலும் போனதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பாத்திரம் தேய்க்கச் சபீனா வந்துவிட்டது, அதன் பிறகு விம். குப்பையின்மேல் தூவத்தான் எதுவும் வரவில்லை. அடுக்குமாடி வந்தபோது கொல்லையும் போயிற்று. பானையை வைக்க ஒரு பின்வாசல் வேண்டுமே!

போனவற்றின் இடத்தில் வந்தது பிளாஸ்டிக் பை. வாயை இறுக்கிக் கட்டிய கேரி பேக் பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது. உள்ளே தண்ணீர் வடிய வழியில்லை, காற்றும் போவதில்லை. சென்னை மே மாதச் சூட்டில் அழுகலுக்கு இதைவிட வசதியான அறையைத் திட்டமிட்டுக்கூடக் கட்ட முடியாது. கழுநீர் ஒரு ராத்திரிக்கு மேல் பானையில் தங்கியதில்லை. குழிக் குப்பை மாதக்கணக்கில் கிடந்தாலும் காய்ந்து கிடந்தது. காற்றில்லாமல், ஈரத்தோடு, வீட்டுக்குள்ளேயே காத்திருக்கும் கழிவு நம் வீடுகளுக்குப் புது விருந்தாளி.

முதலில் வீட்டுக்காரர்கள் கண்ட தீர்வு எளிமையானது: பையைத் தெருமுனைத் தொட்டியில் எறிவது. அந்த வட்டச் சிமெண்ட் தொட்டிகளை நினைத்தாலே மூக்கு தானாகச் சுருங்கும். உள்ளே விழுந்ததைவிடச் சுற்றி விழுந்தது அதிகம். மாடு இப்போது கழுநீரோடு கேரி பேக்கையும் சேர்த்தே தின்றது. 1989-ல் சென்னையில் எம். பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம் இந்தத் தொட்டியிடம்தான் முதலில் சண்டைக்குப் போனது. தெருவாசிகள் மாதாமாதம் ஒரு சிறு தொகை போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஓர் ஆளை அமர்த்திக்கொண்டார்கள். அவர் வாசலுக்கே வந்து குப்பையை வாங்கிக்கொள்வார். நகரத்தின் பல பகுதிகளில் அது பரவியது. சில இடங்களில் சமையல் கழிவைத் தனியே பிரித்து உரமாக்கவும் செய்தார்கள்.

நாட்டளவில் அல்மித்ரா படேல் 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு, நகரக் குப்பைக்கென்று 2000-ல் தனி விதிகள் வரக் காரணமானது. அதே ஆண்டு சென்னையின் சில மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போயிற்று. அள்ளியது எங்கே போனது? கொடுங்கையூருக்கும், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக்கும். வீட்டிலும் தெருவிலும் குறைந்த நாற்றம் அங்கே மலையாகக் குவிந்தது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்து, சுற்று வட்டாரம் நாள்கணக்கில் புகையில் மூச்சு முட்டியது. அதே ஆண்டு ஜூலையில் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது. ஒரே இடத்துக்கு மூன்று மாத இடைவெளியில் இப்படி இரண்டு செய்திகள்.

இந்தக் கதையில் கூர்மையான யோசனை வேலூரிலிருந்து வந்தது. ‘வேலூர் சீனிவாசன்’ என்று அறியப்படும் சி. சீனிவாசன் குப்பையைக் காய்கறிபோலப் பார்த்தார். நேரம் ஆக ஆகக் கெடும். கெடுவதற்குள் கைக்கு வந்தால் மதிப்பு உண்டு. அதனால் ஒரு நாளைக்கு இரண்டு முறை வீடுகளில் வாங்க வேண்டும் என்றார். காலையில் நறுக்கிய காய்த் தோல் அன்று முற்பகலே வந்து சேர்ந்தால் அது மாட்டுத் தீவனம். மறுநாள் வந்தால் எருக்குழிக்கு. மூன்றாம் நாள், கட்டிய பையில் வந்தால் எவரும் தொட விரும்பாத சொதசொதப்பு. கழுநீர் வாங்க வந்த பெண்ணின் கால அட்டவணையை நகராட்சி நிர்வாகத்துக்குள் கொண்டுவந்த காரியம் இது. சுண்ணாம்போ வாசனைத் தெளிப்பானோ சாதிக்காததைச் சீக்கிரம் எடுப்பது சாதிக்கிறது.

2016-ல் வந்த திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பதைக் கட்டாயமாக்கின. அடுத்த ஆண்டிலிருந்து பச்சை, நீல வாளிகள் வீடுகளுக்கு வந்தன. ஆனால் வண்டி வரும்வரை பச்சை வாளியை என்ன செய்வது என்பதை வீடுகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வாளிக்கு அடியில் செய்தித்தாள் விரிக்கிறார்கள்; சாம்பல் செய்த வேலையில் பாதியை அது செய்கிறது. தோலையும் தண்டையும் சல்லடையில் போட்டு நீரை வடித்துவிட்டுப் போடுகிறவர்கள் உண்டு. உண்மையில் பாதி நாற்றம் அதிலேயே தீர்ந்துவிடும். 2006-ல் பெங்களூரில் பூனம் பீர் கஸ்தூரி தொடங்கிய டெய்லி டம்ப் நிறுவனம், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சுடுமண் பானைகளைப் பால்கனிக்குக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு முறையும் மேலே தூவத் தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாகக் கிடந்த சரக்குக்கு இப்படியும் ஒரு வேலை கிடைத்தது.

மீன் கழிவுக்கு ஃப்ரீசர்தான் கடைசிப் புகலிடம். தைவானின் தைபே நகரத்தில் இது ஊரறிந்த வழக்கம். 1990-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே குப்பையைத் தெருவில் வைக்கக்கூடாது. பீத்தோவன் இசையை ஒலித்துக்கொண்டு வண்டி வரும்போது ஓடிப்போய்க் கையில்தான் கொடுக்க வேண்டும். அதுவரை கழிவு உறைந்து கிடக்கும். சென்னை அடுக்குமாடிகளிலும் சிலர் இதைச் செய்கிறார்கள். ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வஞ்சிரத் தலையா என்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

வண்டி வரும் நாளுக்கும் சமையல் நாளுக்கும் உள்ள பொருத்தமின்மைதான் இன்னும் தீராதது. மீனும் கறியும் அதிகம் சமைக்கும் நாள் ஞாயிறு. பல ஊர்களில் வண்டி வராத நாளும் அதுவே. தூய்மைப் பணியாளர்களுக்கும் வார விடுப்பு வேண்டும், அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. விடுப்பைச் சுழற்சி முறையில் மாற்றிக் கொடுக்க நகராட்சிக்கு ஆள் போதுவதில்லை. ஆகவே ஞாயிறு மதியம் கட்டிய பை திங்கட்கிழமை காலை விசில் சத்தம் கேட்கும்வரை படிக்கட்டுக்கு அடியில் ஊதிக்கொண்டு கிடக்கிறது. வண்டியில் வரும் பெண் அதைப் பிரித்து, இறால் தோலைப் பச்சைப் பக்கமும் பால் கவரை நீலப் பக்கமும் கையால் பிரித்துப் போடுகிறார். கையுறை இருந்தால் கையுறையோடு.