மேல்மலைச் சாலையில் சமவெளி விதிகள்: தொழில்முறை சாராத மாரத்தான் ஓட்டக்காரர்களின் உடல்நலத் தற்காப்பு

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி வழியாகப் போகும் மேல்மலைச் சாலை கிளாவரையில் முடிகிறது. தூரம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு முழு மாரத்தானின் தூரமான 42.195 கிலோமீட்டருக்கு இது மிக அருகில் வருகிறது. வழியெங்கும் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் அடுக்கு வயல்கள். சுமை ஏற்றிய குதிரைகள். பனி மூடினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத வளைவுகள். சமவெளி நகரங்களில் பயிற்சி செய்யும் ஓட்டக்காரர்களுக்கு இப்படிப்பட்ட குளிர்ந்த, வாகன நெரிசல் குறைந்த சாலை பெரிய ஆசையைத் தூண்டும். நீண்ட தூரப் பயிற்சிக்காக மலைக்கு வருபவர் தம் காலணியோடும் கைக்கடிகாரத்தோடும் சமவெளியில் கற்ற தற்காப்பு விதிகளையும் கொண்டுவருகிறார். அந்த விதிகளில் சில இங்கே பயனற்றவை. சில ஆபத்தையே வரவழைப்பவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

தமிழ்நாட்டில் நெடுந்தூர ஓட்டம் கடந்த இருபது ஆண்டுகளில்தான் நடுத்தர வகுப்பின் பழக்கமாயிற்று. சென்னை ரன்னர்ஸ் குழு 2006இல் தோன்றியது. கோயம்புத்தூர் மாரத்தான் 2013இல் தொடங்கியது. 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன், நூறு அரை மாரத்தான்களுக்கு மேல் ஓடியவர். அவர் காலத்தில், 2023 நவம்பரில், எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளோடு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் தொடங்கப்பட்டது. ஓட்டமும் நடையும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து என்ற எண்ணம் இப்படி வேரூன்றியது மிக நல்ல காரியம். ஆனால் மருந்து என்று ஏற்றுக்கொண்ட ஒன்றின் பக்கவிளைவைப் பேசுவது அவநம்பிக்கையாகத் தோன்றிவிடுகிறது. 2023 ஜூலையில் மதுரையில் இரத்ததான விழிப்புணர்வு மாரத்தானில் ஓடிய ஓர் இளம் மாணவர் அன்றே உயிரிழந்தபோது, ‘ஓடுவது ஆபத்து’ என்று ஒரு பக்கமும் ‘இது விதிவிலக்கு’ என்று மறுபக்கமும் பேச்சு பிரிந்தது. இரண்டு பேச்சுமே தடுப்பு முறையை விசாரிக்க உதவாதவை.

ஆபத்தின் அளவை முதலில் சரியாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு மாரடைப்பால் மட்டுமன்றிப் பல காரணங்களாலும் இதயத்துடிப்பு நின்றது, லட்சத்துக்கு 0.54 பேர். 2010 முதல் 2023 வரையிலான தொடர் ஆய்வில் 2 கோடியே 93 லட்சம் பேரில் 176 பேர், லட்சத்துக்கு 0.60. நிகழும் விகிதம் ஏறத்தாழ மாறவில்லை. இறப்பு விகிதமோ பாதியாகக் குறைந்துவிட்டது. ஓட்டக்காரர்களின் இதயம் இடைப்பட்ட காலத்தில் வலுவாகிவிடவில்லை. விழுந்தவரின் மார்பை உடனே அழுத்திவிடும் கைகளும், மின்னதிர்ச்சி தந்து துடிப்பை மீட்கும் கருவிகளும் பாதையோரம் வந்து சேர்ந்தன. இந்த ஓர் ஒப்பீட்டை நம் ஓட்டக் குழுக்கள் அனைத்தும் மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பேன்.

நம் ஊரில் தடுப்பு என்றால் டிரெட்மில் சோதனை எடுத்துச் சான்றிதழ் வாங்குவது என்று பொருளாகிவிட்டது. இரத்தக்குழாயில் ஏற்கெனவே பெரிய அடைப்பு உள்ளவரை அச்சோதனை காட்டிக்கொடுக்கலாம். சிறிய கொழுப்புப் படிவு திடீரென வெடித்து அடைப்பதை அது முன்கூட்டிச் சொல்லாது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53. பிற பகுதியினருக்கு ஏறத்தாழ 59. நாற்பதைக் கடந்து ஓடத் தொடங்கும் தமிழர் ஒருவர் சான்றிதழைவிடத் தம் உடல் தரும் அறிகுறிகளை நம்புவது நல்லது. மேட்டில் வழக்கத்துக்கு மாறாக நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால், இளைப்பு அடங்காவிட்டால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. காய்ச்சல் விட்ட மறுநாள் ஓடுவதும் கூடாது. கிருமி இதயத் தசையைத் தொட்டிருக்கலாம்.

இனி தண்ணீர். சென்னையின் புழுக்கத்தில் பயிற்சி பெற்றவருக்கு ‘தாகம் எடுக்கும் முன்பே குடி’ என்பது பால பாடம். 1996இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி மணிக்கு 600 முதல் 1,200 மில்லிலிட்டர் வரை குடிக்கலாம் என்று சொன்னது. அந்த அறிவுரை உலகெங்கும் பரவியது. அதற்கு முன்பே, 1985இல், தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸும் அவருடைய சகாக்களும், அளவுக்கு மீறிக் குடித்த ஓட்டக்காரர்களுக்கு இரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கும் நிலை உண்டாவதை எழுதியிருந்தனர். 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுமே அவர்களில் மிகுதி. வேகமாக ஓடும் வீரரைவிட மெதுவாக ஓடும் அமெச்சூருக்கே இந்த ஆபத்து அதிகம்: அவருக்குக் குடிக்க நேரம் நிறைய, வியர்வை குறைவு.

கிளாவரைச் சாலையில் இரண்டு காரணங்களும் ஒன்றுசேர்கின்றன. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு; உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்ஸிஜன் அளவு பத்து விழுக்காடு போலச் சரியும். ஏற்றமும் சேர்ந்தால், ஐந்து மணி நேரத்தில் மாரத்தான் முடிப்பவருக்கு இங்கே ஆறு, ஆறரை மணி நேரம் ஆகும். குளிரில் வியர்வையும் குறைந்துவிடும். சென்னைக் கணக்கில் மணிக்கொரு பாட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டே போனால் பூண்டியை எட்டும்போது குமட்டலும் தலைவலியும் குழப்பமும் வரலாம். பார்ப்பவர் அதை நீரிழப்பு என்றோ மலைநோய் என்றோ எண்ணி மேலும் தண்ணீர் கொடுப்பார். இந்த உயரத்தில் மலைநோய் அரிது. 2,500 மீட்டருக்கு மேல்தான் அது வழக்கமாகத் தலைகாட்டும். இன்னொரு பழக்கமும் நமக்கு உண்டு: யார் மயங்கினாலும் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடும்.’ சோடியம் சரிந்தவருக்குக் குளுக்கோஸ் நீர் ஏற்றுவது மூளை வீக்கத்தைக் கூட்டும். அவருக்கு வேண்டியது செறிவான உப்புக் கரைசல். 2015இல் கூடிய பன்னாட்டு வல்லுநர் குழு தந்த அறிவுரை எளிமையானது: தாகம் எடுத்தால் குடி. மேல்மலையில் இதைவிட நல்ல விதி கிடையாது.

அடுத்தது வலி மாத்திரை. இச்சாலையின் இறக்கங்கள் தொடைத் தசையை நீட்டியபடியே சுமை தாங்கவைக்கின்றன. தட்டை நிலத்தில் பழகிய தசை இதில் நுண்ணளவில் கிழிந்து, அதன் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகும். முட்டி வலிக்கும் என்று முன்கூட்டியே ஐபுபுரூஃபன் போட்டுக்கொண்டு ஓடுபவர், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தையும் அதே வேளையில் குறைக்கிறார். 2010இல் ஜெர்மனியின் பான் நகர மாரத்தானில் கேள்வித்தாளுக்குப் பதில் தந்த ஏறத்தாழ நாலாயிரம் பேரில் பாதிப் பேர் புறப்படும் முன்பே வலி மருந்து எடுத்திருந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒன்பது பேரும் மருந்து எடுத்தவர்களே. அவர்களில் மூவருக்குத் தற்காலிகச் சிறுநீரகச் செயலிழப்பு. மாத்திரையைத் தற்காப்பாக எண்ணுவது நம் ஓட்டக்காரர்களிடம் உள்ள மிக மோசமான பழக்கம் என்று தயங்காமல் சொல்கிறேன். இறக்கத்துக்கு ஒரே மருந்து, பல வாரங்களுக்குச் சிறிய இறக்கங்களில் பழகுவதுதான்.

குளிரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த பனியனோடு நின்றுவிட்டால் உடல் வெப்பம் விரைவில் இறங்கும். உலர்ந்த ஒரு மேற்சட்டை போதும். பனியில் எதிர்வரும் காய்கறி லாரியும், சாலையைக் கடக்கும் காட்டுமாடும் இந்த மலைக்கே உரிய ஆபத்துகள். விடிவதற்கு முன் ஓடத் தொடங்கும் சமவெளி வழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி தூரம். துடிப்பு நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. கிளாவரையில் விழுந்தவரைக் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நல்ல வண்டியிலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. இதயக் குழாய்ச் சிகிச்சைக்கு அதன் பிறகு மலையிறங்கி மதுரைப் பக்கம் போக வேண்டும். அலைபேசித் தொடர்பும் வழியில் அறுந்து அறுந்து வரும். சென்னைக் கடற்கரைச் சாலையில் தனியாக ஓடுபவரும் இங்கே தனியாக ஓடுபவரும் ஒரே உடல் தகுதி கொண்டவர்களாக இருந்தாலும், இருவரின் ஆபத்தும் ஒன்றல்ல. தடுப்பைத் தனி உடலின் சொத்தாகவே கருதி, சோதனை, கடிகாரம், ஜெல் என்று பணம் செலவிடும் மனப்போக்கு இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை. தனக்கு எவ்வளவு தெரியும் என்பதைவிட, உடன் ஓடுபவருக்கு என்ன தெரியும் என்பதே இங்கே உயிரைத் தீர்மானிக்கும்.

மேல்மலைக்கு ஆட்களை அழைத்துவரும் ஓட்டக் குழுக்களிடம் மூன்று வேண்டுகோள்கள். உள்ளூர் சுகாதார நிலையத்துக்கு முதல் நாளே தகவல் தாருங்கள். மின்னதிர்ச்சிக் கருவியோடு ஒரு வண்டி ஓட்டக்காரர்களின் பின்னாலேயே வரட்டும். ஓடுபவர் ஒவ்வொருவரும் மார்பு அழுத்தும் முதலுதவியைக் கையால் செய்து பழகியிருக்கட்டும். இம்மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், அந்தக் குழு கிளாவரை வரை ஓடாமல் பூம்பாறையோடு திரும்பிவிட வேண்டும்.