ஜகார்த்தாவில் வென்ற ஆசிரியர்

விடுமுறை நாள்களில், சுபுஹுத் தொழுகை முடிந்து பொழுது புலரும் வேளையில், வடசென்னையின் மைதானங்கள் பக்கம் சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். நரை கண்ட தலையும் முழங்காலில் கட்டுமாக, ஐம்பதைக் கடந்தவர்கள் பந்தை உதைத்து ஓடிக்கொண்டிருப்பார்கள். எதிர்த்து ஆடும் இளைஞர்களை அவர்கள் வென்றுவிட்டாலோ, அன்று முழுவதும் தேநீர்க் கடையில் அதே பேச்சுத்தான்.

இந்த முதியவர்கள் யார்? துறைமுகத்திலும், பெரம்பூர் ரெயில் பெட்டித் தொழிற்சாலையிலும், ஆலைகளிலும் உழைத்துச் சம்பளம் வாங்கியவர்கள். மாலையில் மைதானத்தில் தம் நிறுவனத்தின் பெயரைத் தாங்கி ஆடியவர்கள். ஆட்டத்துக்கென்று தனிக் கூலி அவர்களுக்கு இல்லை. ஆடத் தெரிந்தவனுக்கு வேலை கொடுப்பது, பயிற்சிக்கு நேரம் விடுவது, வயதான பின் ஓய்வூதியம் தருவது: இதுவே அந்நாளைய ஏற்பாடு. இந்தியக் கால்பந்தாட்டத்தின் பொற்காலம் முழுவதும் இந்த ஏற்பாட்டின் மீதே நின்றது. அதன் உச்சத்தைக் காண நாம் 1962ஆம் ஆண்டின் ஜகார்த்தாவுக்குச் செல்ல வேண்டும்.

அந்த வரலாற்றின் நாயகர் ஒரு பள்ளி ஆசிரியர். ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம் 1909இல் பிறந்தவர். 'ரஹீம் சாஹிப்' என்றே எல்லாரும் அவரை அழைத்தார்கள். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணிக்கு அவர் பயிற்சி அளித்த காலத்தில், 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அவ்வணி ரோவர்ஸ் கோப்பையை வென்றது. தேசிய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இறுதிப் பந்தயத்தில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை சென்றது.

அவர் கற்பித்த முறையிலும் ஆசிரியரின் கை தெரிந்தது. பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று போட்டிகள் வைத்தார். பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டாமல், உடனே தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது அவர் பாடம். தனித்திறமையை அணியின் திறமையாக மாற்றுவதே அவர் நோக்கம்.

1962இல் அணி ஜகார்த்தா சென்றபோது ரஹீம் சாஹிப் புற்றுநோயின் பிடியில் இருந்தார். முதல் பந்தயத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என வென்றார்கள். ஆனால் தற்காப்பின் தூணான ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்டார். ஜப்பானை 2-0 என வென்று அரையிறுதிக்கு வந்தார்கள். அங்கே ஆசிரியர் ஒரு துணிகரமான முடிவெடுத்தார். தலையில் கட்டுடன் இருந்த ஜர்னைலைத் தற்காப்பிலிருந்து எடுத்து முன்வரிசையில் நிறுத்தினார். ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். தென் வியட்நாம் 3-2 எனத் தோற்றது.

இறுதிப் பந்தயம் செப்டம்பர் 4. எதிரில், முதல் நாள் தோற்கடித்த அதே தென்கொரியா. அரங்கமோ இந்தியாவுக்குப் பகையாக இருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிகளுக்கு அழைக்காததை இந்திய அதிகாரி ஜி. டி. சோந்தி கண்டித்திருந்தார், அந்தக் கோபத்தை மக்கள் ஆட்டக்காரர்கள் மீது காட்டினார்கள். அந்தக் கூச்சலுக்கிடையே இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள், அங்கு வந்திருந்த பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்று அன்று ஆடியவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அரசியல் பிரித்த கைகளை ஒரு பந்து சேர்த்து வைத்தது.

கோல் காவலராக நின்றவர் பீட்டர் தங்கராஜ். நம் நீலகிரியின் வெல்லிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணிக்காக ஆடி, 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையைக் கொண்டுவந்த நெடிய மனிதர். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவரை, அவர் உயரத்தை நம்பி ரஹீம் சாஹிப் நிறுத்தினார். பி. கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். சில நிமிடங்களில் கட்டுப் போட்ட தலையுடன் ஜர்னைல் இரண்டாவதை அடித்தார். கொரியர்கள் கடைசி நேரத்தில் ஒன்றைத் திருப்பினர். ஆட்டம் 2-1 என முடிந்தது. தங்கம் நமதாயிற்று.

வென்றவர்களில் பானர்ஜி ரெயில்வே ஊழியர். தங்கராஜ் படைவீரராகத் தொடங்கியவர். சீக்கியர், கிறித்தவர், இந்து, முஸ்லிம் என்று பலரும் கலந்த அந்த அணியை ஒன்றாக்கியவர் ஒரு முஸ்லிம் ஆசிரியர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது நம் கடமை. அடுத்த ஆண்டு 1963 ஜூன் 11ஆம் நாள் ரஹீம் சாஹிப் மறைந்தார். பயிற்சியாளர்க்கான துரோணாச்சாரியர் விருது 1985இல்தான் ஏற்பட்டது. 2024இல் வெளிவந்த ஓர் இந்தித் திரைப்படமே அவரை மீண்டும் பலருக்கு அறிமுகம் செய்தது. அவருக்குப் பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் பெறவில்லை. 1970இல் பெற்ற வெண்கலமே கடைசிப் பதக்கம்.

இனி நம் வடசென்னைக்குத் திரும்புவோம். "பந்து விளையாடினால் சோறு கிடைக்குமா?" என்று நம் வீடுகளில் பிள்ளைகளைக் கேட்பது வழக்கம். ஒரு காலத்தில், கிடைக்கும் என்று துணிந்து சொல்லலாம். ஆடத் தெரிந்தவனை அழைத்துக்கொள்ள ஆலை இருந்தது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலை 1996இல் மூடப்பட்டது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நின்றது. சங்கு ஊதி ஆளை அழைத்த வாயில் ஒவ்வொன்றும் அடைபடும்போது, வேலையோடு ஆட்டத்தையும் தாங்கிய ஓர் ஆதரவும் போய்விடுகிறது.

ஆனால் திறமை வற்றிவிடவில்லை. வியாசர்பாடியில் வளர்ந்த நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பைப் பந்தயத்தில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒற்றைக் கோல், கொல்கத்தாவையே குலுக்கியது. அத்தகைய பிள்ளைகள் உருவாக மூன்று பொருள்கள் வேண்டும்: ஒரு மைதானம், ஒரு வேலை, ஓர் ஆசிரியர்.

வேலையைத் தருவது அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியது. மைதானத்தைக் காப்பது ஊரார் பொறுப்பு. ஆசிரியர்களோ ஏற்கெனவே இருக்கிறார்கள். காலைப்பொழுதில் முழங்காலில் கட்டுடன் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த விடுமுறை நாளில் நம் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, அவர்கள் எதிரில் நிறுத்துவோம்.