கடல் கடந்த வலையும் கதவு தட்டும் சங்கிலியும்

கானாடுகாத்தான்! காரைக்குடிக்கு அருகே உள்ள சிற்றூர். வற்றாத ஆறு இல்லை, துறைமுகம் இல்லை, பொன் விளையும் சுரங்கமும் இல்லை. வானம் பார்த்த செம்மண் பூமி. ஆயினும் தெருவுக்குத் தெரு மாளிகைகள் நிமிர்ந்து நிற்கின்றன! பர்மாத் தேக்கு தூணாகி நிற்கிறது. இத்தாலியச் சலவைக்கல் தரையாகிக் கிடக்கிறது. ஒரு தெருவில் முகப்பு தொடங்கினால், மறு தெருவில்தான் பின்கட்டு முடிகிறது. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றபோது, அவற்றுள் இவ்வூரும் ஒன்று. காண வருவோர் வியக்கின்றனர், படம் எடுக்கின்றனர், திரும்புகின்றனர். நாம் கேட்க விரும்புவது வேறு. இந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது? எவ்வழியில் வந்தது? எவரிடமிருந்து வந்தது?

பழங்கதை பேசிப் பொழுது போக்குவதற்காக இதைக் கேட்கவில்லை, தோழர்களே! இன்று ஊர்தோறும் திருமண மண்டபங்களில் ஒரு புதுவகைக் கூட்டம் கூடுகிறது. கழுத்துப்பட்டை அணிந்த ஒருவர் மேடையேறுகிறார். “வேலை தேடி அலையாதீர், நீங்களே முதலாளி! ஆறு பேரைச் சேருங்கள், அவர்கள் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பார்கள், உறங்கும்போதும் உங்கள் வீட்டிற்குப் பணம் வரும்” என்கிறார். நெட்வொர்க் மார்க்கெட்டிங் என்பது அதன் பெயர். வளரும் நாடுகளுக்கு வாய்த்த வாய்ப்பு என்பது அதற்குச் சூட்டப்படும் மகுடம். நம் முன்னோர் கடல் கடந்து பொருள் குவித்ததும் இத்தகைய வலையினால்தான் என்றுகூடச் சிலர் பேசக் கேட்கிறோம். அப்படியா? வரலாற்றையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம்.

1852-இல் நடந்த இரண்டாம் ஆங்கிலோ-பர்மியப் போரின் முடிவில் கீழ்ப் பர்மா வெள்ளையர் கைக்குச் சென்றது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை அகன்றது. காடாகவும் சேறாகவும் கிடந்த ஐராவதிக் கழிமுகம் கழனியாக மாறத் தொடங்கிற்று. 1855-இல் பத்து இலட்சம் ஏக்கருக்கு உட்பட்டிருந்த கீழ்ப் பர்மாவின் நெல் விளைநிலம், 1930-இல் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கராயிற்று. காட்டை வெட்டவும், மாடு வாங்கவும், அறுவடை வரை வயிறு கழுவவும் உழவனுக்குப் பணம் வேண்டும். வெள்ளையர் வங்கி அவனை வாசலிலும் நிறுத்தாது. அந்த இடத்திற்குச் சென்றவர்கள்தாம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ‘கொண்டுவிற்கப் போதல்’ என்று அவர்கள் வழக்கில் சொல்வர்.

அவர்கள் பின்னிய வலை எத்தகையது? முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடை இரங்கூன் மொகல் தெருவிலோ, பெகுவிலோ, கழிமுகத்து ஏதோ ஒரு சிற்றூரிலோ இருக்கும். அதை நடத்துபவர் மேலாள். அவருக்குத் துணை அடுத்தாள். பணப்பெட்டியருகே அமர்ந்து எடுபிடி வேலை செய்தபடியே கணக்குப் பழகுபவன் பெட்டியடிப் பையன். கப்பலேறுமுன் சம்பளச் சீட்டு எழுதப்படும். தவணை பெரும்பாலும் மூன்றாண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்னதாகவே கைக்கு வரும். அதைக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டே அவன் கடல் கடப்பான். அங்கிருந்து பேரேட்டுக் கணக்கை ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்பவேண்டும். தவணை முடிந்து திரும்பும்போது, ஈட்டிய இலாபத்தைப் பார்த்துச் சன்மானம் கிடைக்கும். பையனாகப் போனவன் அடுத்தாளாகி, மேலாளாகி, தனிக்கடை வைத்ததும் உண்டு.

இதில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கப்பலேறியவன் கட்டணம் கட்டிச் சேரவில்லை. கூலி பெற்றுச் சேர்ந்தான். முதல் போட்டவர் முதலாளி. கடை மூழ்கினால் மூழ்குவது முதலாளியின் பணமும், அவரை நம்பி வைப்பு வைத்தோர் பணமும். 1930-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அறிக்கை அளித்தபோது, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று அது கணித்தது. அதில் பெரும்பகுதி அவர்களுடைய சொந்த முதல்.

ஆனால் அந்த வலையைப் போற்றிப் பாட நாம் பேனா எடுக்கவில்லை! அந்த ஏணியில் ஏற ஒரு சாதிக்காரருக்கே இடமிருந்தது. பிறர் எத்துணை அறிவுடையோராயினும் பெட்டியடிக்கு அருகிலும் போக முடியாது. கணவனைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு, மூன்றாண்டு காலம் அகன்ற வளவில் தனித்துக் கிடந்த பெண்ணின் பெருமூச்சு எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்கப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வலையின் கடைக்கோடியில் ஒருவன் நின்றான். அவன் பர்மிய உழவன்.

நெல் விலை ஏறும். நிலத்தின் விலையும் ஏறும். ஏற்றத்திற்கு முடிவே இல்லை. இந்த நம்பிக்கையின்மேல் கடனும் வட்டியும் அடுக்கப்பட்டன. 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் பர்மாவையும் தாக்கியது. நெல் விலை சரிந்தது. விற்ற நெல் வட்டிக்கும் போதவில்லை. அடமானம் வைத்த நிலம் கடைக்காரர் கைக்குப் போயிற்று. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில், 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார் வசம் இருந்தது. 1938-இல் அது நூற்றுக்கு இருபத்தைந்து ஆயிற்று! அவர்கள் விரும்பியது நிலமன்று, பணமே என்பது உண்மைதான். ஆனால் உழுத நிலத்தை இழந்து நின்றவனுக்கு அந்த விளக்கம் சோறு போடுமா? 1930 டிசம்பரில் தராவடியில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி வெடித்தது. இந்தியர்மீது வெறுப்பும் வளர்ந்தது. 1941 டிசம்பரில் இரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசினர். கால்நடையாகக் காடு மலை கடந்து ஓடிவந்தோர் ஏராளம். 1948-இல் பர்மாவில் நில உடைமைச் சட்டம் வந்தது. 1962-இல் ஆட்சியைப் பிடித்த நே வின் அடுத்த ஆண்டு வங்கிகளையும், அதற்கடுத்த ஆண்டு கடைகளையும் அரசுடைமையாக்கினார். அகதிகளாக வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் கடையோ கப்பலோ கண்டவர்களல்லர். உழைத்துப் பிழைத்த ஏழைத் தமிழர்கள். சென்னையில் உள்ள பர்மா பஜார் என்னும் பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது.

இந்த வரலாறு நமக்குக் கற்பிப்பது என்ன? பண வலையை மதிப்பிட அதன் உச்சியில் நிற்பவனின் மாளிகையைப் பார்த்தால் போதாது. அதன் கடைக்கோடியில் நிற்பவனின் கையைப் பார்க்கவேண்டும். அந்த அளவுகோலைக் கொண்டு, கதவு தட்டும் புதுச் சங்கிலியை அளப்போம்.

அது அமெரிக்காவில் பிறந்தது. 1940-களில் கலிபோர்னியாவில் நியூட்ரிலைட் என்னும் சத்து மாத்திரையை விற்க, விற்பனையாளரே மேலும் விற்பனையாளரைச் சேர்க்கும் முறை வகுக்கப்பட்டது. அதில் விற்பனையாளராயிருந்த ரிச் டிவோஸ், ஜே வான் ஆண்டல் என்னும் இருவர் 1959-இல் ஆம்வே நிறுவனத்தைத் தொடங்கினர். 1998-இல் அது இந்தியாவில் வணிகத்தைத் தொடங்கிற்று. அதைப் பின்பற்றியும், அதன் போர்வையிலும் எத்தனையோ கம்பெனிகள் முளைத்தன.

மேடைப் பேச்சை விடுவோம், கணக்கைப் போடுவோம். ஒருவன் ஆறு பேரைச் சேர்க்கிறான். ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்கின்றனர். ஐந்தாம் படியில் 7,776 பேர். பத்தாம் படியில் 6,04,66,176 பேர். உச்சியிலிருந்து பத்தாம் படிவரை உள்ளோரைக் கூட்டினால் 7,25,59,411. தமிழ்நாட்டின் மக்கள்தொகையோ 2011 கணக்கெடுப்பின்படி 7,21,47,030! தொட்டிற் குழந்தையைச் சேர்த்தாலும் ஆள் போதவில்லை! பதின்மூன்றாம் படிக்கு 1,306 கோடிப் பேர் வேண்டும். உலகத்திலேயே ஏறத்தாழ 800 கோடிப் பேர்தாம் உள்ளனர். இன்னொன்றையும் பாருங்கள். சங்கிலி எந்தப் படியில் அறுந்தாலும், சேர்ந்தவர்களில் ஆறில் ஐந்து பேர் கடைசிப் படியிலேயே நிற்பர். அவர்களுக்குக் கீழே எவரும் இல்லை. தம் சோம்பலால் தோற்றோம் என்று அவர்கள் தம்மையே நொந்துகொள்கின்றனர். இல்லை, தோழர்களே! அவர்களைத் தோற்கடித்தது பெருக்கல் வாய்பாடு.

வளரும் நாட்டுக்கு வாய்ப்பு என்றார்களே, அல்பேனியாவைக் கேட்போம். பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்த பின்னர்ப் புதுச் சந்தைக்குள் நுழைந்த ஏழை நாடு அது. பின்னால் வருவோரின் பணத்தை முன்னால் வந்தோர்க்கு வட்டியாகக் கொடுக்கும் திட்டங்கள் அங்கே பெருகின. மக்களில் மூன்றில் இருவர் அவற்றில் பணம் போட்டனர். வீட்டை விற்றுப் போட்டோரும் உண்டு. 1997-இல் அவை சரிந்தன. கலகம் மூண்டு ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மாண்டனர்.

நம் நாட்டில் சட்டம் உறங்கிவிடவில்லை. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978-இலேயே வந்தது. ஆம்வேயின் திட்டம் அச்சட்டத்தின் வரம்புக்குள் வருவதாக 2007-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் கூறியது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள், நேரடி விற்பனை என்ற போர்வையில் பிரமிடுத் திட்டம் நடத்துவதை வெளிப்படையாகத் தடை செய்தன. 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை அதே நிறுவனத்தின் 757 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சொத்தை முடக்கியது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. மெய்யாகவே பொருளை வெளியாருக்கு விற்றுக் கழிவு பெறுவோர் இல்லாமலில்லை. அது உழைப்பு, அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் பொருள் பெயரளவுக்கும் ஆள் பிடிப்பது பிழைப்புக்கும் என்றாகிவிட்டால், அது வணிகமாகாது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செட்டிநாட்டுப் பெட்டியடிப் பையன் கூலி வாங்கிக்கொண்டு நுழைந்தான். சங்கிலியில் சேரும் இளைஞன் தன் பணத்தைக் கட்டிவிட்டு நுழைகிறான். அங்கே உறவு என்பது பிணை: பணத்தைத் தவறவிட்டவன் சுற்றத்தார் முகத்தில் விழிக்க முடியாது. இங்கே உறவு என்பது சரக்கு: அத்தையும் அண்ணியும் பள்ளித்தோழனும் விலை போகின்றனர். கடைக்கோடி மனிதன் அங்கே பர்மிய உழவன். இங்கே நம் வீட்டுப் பட்டதாரி, வேலையற்ற தம்பி, தாலிச் சங்கிலியை அடகு வைத்த தங்கை. அங்கே வலை அறுந்தபோது முதலாளியும் இழந்தார். இங்கே உச்சியில் இருப்பவன் முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிடுகிறான்.

நம்பிக்கை வை, கேள்வி கேட்காதே, ஐயம் கொள்பவனை அருகே சேர்க்காதே! மேடையில் ஒலிக்கும் இந்தக் குரலை நாம் வேறெங்கோ கேட்டதில்லையா? சாமியார் மடத்தில் மறுமையில் மோட்சம். மண்டபத்தில் மூன்றாண்டில் மகிழுந்து. கேள்வி கேட்பவனைக் கண்டால் இருவருக்குமே ஆகாது.

ஆகவே கேளுங்கள், இளைஞர்களே! சங்கிலியில் சேராத ஒருவர் இந்த விலைக்கு இந்தப் பொருளை வாங்குவாரா? எனக்கு வரும் பணம் விற்பனையிலிருந்து வருகிறதா, என் பின்னால் சேர்பவனின் பையிலிருந்து வருகிறதா? நாளை ஆள் சேர்ப்பது நின்றுவிட்டால் கடைசியாக வந்தவன் கதி என்ன? இம்மூன்றுக்கும் கணக்கோடு விடை வராத இடத்தில், கையெழுத்துப் போடாதீர்கள். ஊரில் பத்துப் பேரைக் கூட்டி, கரும்பலகையில் அந்த ஆறாம் வாய்பாட்டை எழுதிக் காட்டுங்கள்.