சுரபி நதியின் சாசனங்கள்

தேனி ஜில்லாவில் சின்னமனூருக்குப் பக்கத்தில் குச்சனூர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சனீசுவர பகவான் சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் தலம். ஏழரை நாட்டுச் சனி யாரைத்தான் விட்டது? ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தால், உலகத்தில் கஷ்டப்படாத மனிதனே இல்லை என்று தோன்றும். வந்தவர்கள் சுரபி நதியில் முழுகுகிறார்கள், எள் தீபம் ஏற்றுகிறார்கள், காக்கைக்கு அன்னமிடுகிறார்கள்.

இந்தச் சுரபி நதியைப் பற்றித் தல புராணம் சொல்லுவது ஒரு கதை. தஸ்தாவேஜுகள் சொல்லுவது இன்னொரு கதை. கதை எழுதிப் பிழைக்கிறவனாகிய எனக்கு, உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், இரண்டாவது கதைதான் அதிக ருசியாக இருக்கிறது.

பக்தியோடு நதி என்று அழைத்தாலும், அது முல்லைப் பெரியாற்றிலிருந்து பிரிந்து வயல்களுக்குப் பாயும் வாய்க்கால். அந்தப் பெரியாறோ, தன் இஷ்டப்படி போயிருந்தால், மேற்கே ஓடி அரபிக் கடலில் விழ வேண்டிய நதி. அதை அணை போட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார்கள். திருப்புவதற்கு முன்னால் ஒரு பத்திரம் எழுதினார்கள்.

1886-ஆம் வருஷம் அக்டோபர் 29-ஆம் தேதி அந்தக் குத்தகைப் பத்திரம் கையெழுத்தாயிற்று. திருவாங்கூர் சமஸ்தானத்துக்காகத் திவான் ராமய்யங்கார் கையெழுத்திட்டார். இங்கிலீஷ் சர்க்காருக்காக ரெஸிடெண்டு ஹானிங்டன் கையெழுத்திட்டார். சுமார் 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு 5 ரூபாய் வாடகை. வருஷத்துக்கு 40,000 ரூபாய். கெடுவோ 999 வருஷம்! சாதாரணமாக வீட்டுக்காரரிடம் நாம் பதினொரு மாதத்துக்குத்தான் பத்திரம் எழுதிக் கொள்கிறோம். பிறகு பென்னிகுக் துரையின் மேற்பார்வையில் அணை எழும்பிற்று. ஒரு மைலுக்குச் சற்று அதிகமான சுரங்க வழியாக 1895-இல் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கி வந்தது.

அந்தப் பத்திரத்தை எழுதியவர்கள் வெகு ஜாக்கிரதைக்காரர்கள். நிலத்தைப் பற்றி எழுதினார்கள். மரத்தைப் பற்றி எழுதினார்கள். மீன் பிடிக்கும் பாத்தியதையைக் கூட விடவில்லை. ஒன்றே ஒன்றுதான் அதில் இடம் பெறவில்லை. வந்து சேரும் தண்ணீரை அழுக்கில்லாமல் வைத்துக் கொள்ளும் பொறுப்பு யாருடையது?

இதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாது வருஷப் பஞ்சம் முடிந்து பத்து வருஷங்கூட ஆகாத காலம் அது. தண்ணீர் வராதா என்று ஜனங்கள் ஏங்கிக் கொண்டிருந்தபோது, தண்ணீர் கெட்டுப் போகுமே என்று யார் கவலைப்பட்டிருப்பார்கள்? சட்டமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 277-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ வேண்டுமென்று அசுத்தப்படுத்தினால் மூன்று மாதச் சிறை, அல்லது 500 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஊற்று இருந்தது, நீர்த்தேக்கம் இருந்தது; ஓடுகிற ஆற்றின் பெயர் மட்டும் அதில் இல்லை.

ஆற்றுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1950-இல் வந்த நமது அரசியல் சட்டம், தண்ணீரை ராஜ்யங்களின் அதிகாரத்தில் வைத்தது. டில்லிப் பார்லிமெண்டு தானாக அதில் தலையிட முடியாது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ராஜ்யங்களின் சட்டசபைகள் ‘எங்களுக்காக நீங்களே சட்டம் செய்யுங்கள்’ என்று தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். 252-ஆவது ஷரத்து சொல்லும் வழி இது. அப்படிப் பன்னிரண்டு ராஜ்யங்கள் தீர்மானம் போட்ட பிறகு, 1974-ஆம் வருஷம் மார்ச் 23-ஆம் தேதி தண்ணீர்ச் சட்டம் பிறந்தது. தண்ணீர் மாசுபடுவதைத் தடுக்க ஒவ்வொரு ராஜ்யத்திலும் ஒரு வாரியம் அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்தப் பன்னிரண்டு ராஜ்யங்களில் கேரளம் இருந்தது, தமிழ்நாடு இல்லை. தமிழ்நாடு பின்னால் சேர்ந்து கொண்டது. நமது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982-ஆம் வருஷம் பிப்ரவரி 27-ஆம் தேதி. இதன் விசித்திரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தேக்கடி ஏரியில் நிற்கும் வரைக்கும் அந்தத் தண்ணீருக்கு 1974 முதலே ஒரு காவல்காரன் உண்டு. சுரங்கத்தைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கியதும், அது சில வருஷ காலம் அந்தக் காவல் இல்லாமலே ஓடிற்று. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வரிசையாக ஊர்கள். ஊர் என்று இருந்தால் சாக்கடையும் உண்டு அல்லவா?

தாமதமாக வந்தாலும் அந்தச் சட்டம் கெட்டிக்காரச் சட்டம். ‘ஓடை’ என்பதற்கு அது கொடுக்கும் விளக்கத்தைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆறு ஓடை, ஓடுகிற கால்வாய் ஓடை, தற்சமயம் வறண்டு கிடக்கும் கால்வாயும் ஓடை. இயற்கையாக அமைந்த நீரும் சரி, மனிதன் அமைத்த நீரும் சரி, பூமிக்கு அடியில் இருக்கும் ஊற்றும் சரி, எல்லாம் அதில் அடக்கம். ஆகவே ‘இது நதியா, வாய்க்காலா?’ என்று குச்சனூரில் யாரும் தர்க்கம் செய்ய வேண்டியதில்லை. விஷப் பொருளையோ அசுத்தத்தையோ தெரிந்தே அதில் விடக்கூடாது என்கிறது 24-ஆவது பிரிவு. வாரியத்தின் சம்மதம் பெறாமல் ஆலைக் கழிவையும் ஊர்ச் சாக்கடையையும் புதிதாகத் திருப்பிவிடக் கூடாது என்கிறது 25-ஆவது பிரிவு.

வாரியத்தின் கைகளையும் சட்டம் கட்டித்தான் வைத்திருக்கிறது. கழிவு நீரை எடுத்துப் பரிசோதிக்க வரும் அதிகாரி, ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எடுத்த நீரை அவர் முன்னிலையில் இரண்டு பங்காகப் பிரித்து, முத்திரை வைத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். இந்த முறை தப்பினால் வழக்கு நிற்காது. குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் நியாயம் வேண்டும் என்று நினைத்தவர்கள் எழுதிய சட்டம்.

இதற்குப் பிறகு வந்த சட்டங்களின் பூர்வோத்தரம் வேறு. 1972-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரத்தில் உலக நாடுகள் கூடி, சுற்றுப்புறத்தைக் காப்பது பற்றி ஆலோசித்தன. பிரதமர் இந்திரா காந்தி நேரில் போய்ப் பேசினார். சர்வதேச மாநாட்டில் எடுத்த முடிவை நிறைவேற்ற, ராஜ்யங்களைக் கேட்காமலே பார்லிமெண்டு சட்டம் செய்யலாம் என்கிறது 253-ஆவது ஷரத்து. அந்த வழியாக 1981-இல் காற்றுச் சட்டம் வந்தது. போபாலில் 1984 டிசம்பரில் விஷவாயு ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்த பிறகு, 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1996-இல், பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் சாலைகளைப் பற்றிய வழக்கில், மாசு செய்தவனே அதற்குரிய செலவைக் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளைத் தமிழ்நாட்டில் தடுத்ததும் 1986-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பலத்தில்தான். ஆற்றங்கரைக் கோயில்களுக்கு இது எவ்வளவு வேண்டிய உத்தரவு என்று பக்தர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி ஸ்டாக்ஹோமும் போபாலும் பாலாறும் ஆளுக்கொரு சுமையை ஏற்ற, அத்தனையையும் தாங்கி நிற்கிறது வாரியம். ஆனால் ஆற்றில் தண்ணீரை விடுவது வேறு இலாகா. சாக்கடையைப் பராமரிப்பது நகராட்சியும் பேரூராட்சியும். கோயிலைப் பார்ப்பது அறநிலையத்துறை. கடைசியாக வந்த விருந்தாளி, வீட்டுக்காரர்கள் அனைவரையும் கண்டிக்க வேண்டிய நிலைமை.

அணையில் எத்தனை அடி தண்ணீர் நிறுத்துவது என்று இரண்டு ராஜ்யங்கள் வருஷக் கணக்கில் வழக்காடின. 142 அடி வரை நிறுத்தலாம் என்று 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொன்னபோது, பள்ளத்தாக்கு ஜனங்கள் ஆனந்தப்பட்டார்கள். நியாயமான ஆனந்தம், அது அவர்களுடைய சோறு. ஆனால் அளவுக்காகக் கொடி பிடித்த கைகள் சுத்தத்துக்காகவும் கொஞ்சம் உயர வேண்டாமா? அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. வழக்குப் போடும் உரிமை முன்பு பெரும்பாலும் வாரியத்தின் கையில்தான் இருந்தது. 1988-இல் செய்த திருத்தம், வாரியத்துக்கு அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் கோர்ட்டுக்குப் போகலாம் என்று கதவைத் திறந்துவிட்டது.

1886-ஆம் வருஷத்துப் பத்திரத்தின் கெடு 2884-ஆம் வருஷக் கடைசி வரையில் இருக்கிறது. அதுவரைக்கும் தண்ணீர் வருவதற்கு எழுத்து மூலமான ஆதாரம் இருக்கிறது. அது முழுகுவதற்கு லாயக்கான தண்ணீராக இருக்குமா என்பதற்கு இருக்கும் ஆதாரமோ, 1974-ஆம் வருஷத்துச் சட்டமும், அதைத் தட்டிக் கேட்கிற நாலு பேரும்தான்.