எட்டுக் கோள்களும் மலைநாட்டு மண்ணும்

உலகம் இன்ன நாளில் அழியும் என்னும் வதந்தி மனித வரலாற்றில் பலமுறை எழுந்து, பலமுறை பொய்த்திருக்கின்றது. பொய்த்த பின்னரும் அது மடிவதில்லை. வேறொரு நாளைக் குறித்துக்கொண்டு மீண்டும் வருகின்றது. அவ்வாறு வந்தவற்றுள் தமிழ் மக்களிடையே பெரிதும் பேசப்பட்டது 1962ஆம் ஆண்டின் அஷ்டக்கிரகச் சேர்க்கையாகும்.

அவ்வாண்டு பெப்ரவரி 3 முதல் 5 வரை, பிலவ வருடத்துத் தை மாதத்தில், சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, கேது ஆகிய எட்டும் மகர ராசியில் ஒன்றுகூடின. தை அமாவாசையும் அந்நாட்களிலேயே வந்தது. நியூகினித் தீவிலும் பசிபிக் சமுத்திரத்திலும் பூரண சூரிய கிரகணம் நிகழ்ந்தது. இத்தனையும் ஒருங்கே நேர்வது பிரளயத்துக்கு அறிகுறி என்று சோதிடர் சிலர் உரைத்தனர். இந்தியாவில் எங்கும் யாகங்கள் வளர்க்கப்பட்டன; மக்கள் பயணங்களை ஒத்திவைத்தனர். பர்மாவின் பிரதமர் ஊ நூ, தீங்கு விலகும்பொருட்டுப் பிராணிகளை விடுதலை செய்வித்தார். இந்தியப் பிரதமர் நேருவோ இவ்வச்சத்தை நகைப்புக்குரியதெனத் தள்ளினார்.

மூன்று நாட்களும் கழிந்தன. ஞாயிறு வழக்கம்போல் உதித்தது. இரண்டு வாரங்களுக்குப் பின் இந்திய மக்கள் பொதுத் தேர்தலில் வாக்களிக்கச் சென்றனர்.

இதில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கோள்கள் அவ்விடத்தில் கூடும் என்று பஞ்சாங்கமும் சொன்னது, வானசாத்திரமும் சொன்னது. கணக்கில் இரண்டுக்கும் பிணக்கில்லை. கணக்கின்மேல் ஏற்றப்பட்ட பொருளிலேதான் பிணக்கு. ஒரு ராசியில் கூடின என்பது பூமியிலிருந்து பார்ப்போருக்கு அவை ஒரே திசையில் இருந்தன என்பதேயன்றி, ஒன்றையொன்று நெருங்கின என்பதன்று. சந்திரன் நான்கு இலட்சம் கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் இருக்க, வியாழன் ஏறத்தாழ 90 கோடி கிலோமீற்றருக்கும், சனி ஏறத்தாழ 160 கோடி கிலோமீற்றருக்கும் அப்பால் நின்றன. கடலில் அலையேற்றத்தை உண்டாக்கும் சந்திரனின் ஆற்றலோடு ஒப்பிட்டால், சூரியன் நீங்கலாக ஏனைய கோள்கள் அனைத்தும் சேர்ந்து தரும் ஆற்றல் பத்தாயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. எட்டாவதான கேதுவோ ஒரு பொருளே அன்று. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் ஒரு புள்ளி. கிரகணம் நிழலால் நேர்வது என்பதை ஆரியபட்டர் கி.பி. 499ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார்.

ஆயினும் வதந்திக்கு ஒரு தந்திரம் உண்டு. சொன்னது நடவாவிட்டால், நடந்ததையெல்லாம் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். 1962 ஜனவரி 27ஆம் நாள் இலங்கையில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி முறியடிக்கப்பட்டது. மார்ச் 2ஆம் நாள் பர்மாவில் ஊ நூவின் ஆட்சி இராணுவத்தால் கவிழ்க்கப்பட்டது. இவையெல்லாம் கிரகபலன் என்று சொல்வது எளிது. ஆனால் இரு நாடுகளின்மேலும் நின்றவை அதே கோள்கள்தாமே? ஒரு நாட்டில் சதி தோற்றதும், மற்றொன்றில் வென்றதும் எக்காரணத்தால்? அதற்கு விடையை மண்ணில்தான் தேடவேண்டும்.

சமயம் இவ்வச்சத்துக்குத் துணை நின்றதா எனின், சமயத்தின் பெயரால் அச்சம் வளர்ந்தது உண்மை. சமயம் அதனை வளர்க்கவில்லை. திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டபோது, கோள்நிலை நன்றாக இல்லையென அப்பர் தடுத்தார் என்பது மரபு. அதற்கு விடையாகப் பிறந்ததே கோளறு பதிகம். சம்பந்தர் நாள் பார்த்துத் தங்கவில்லை. இறைவனை நம்பிப் புறப்பட்டார். எவருடைய மரணத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபிகள் நாயகம் தம் மைந்தர் இறந்த நாளிலே அறிவுறுத்தினார். அந்த நாளையும் நாழிகையையும் மனிதர் எவரும் அறியார் என்பது கிறித்துவ வேதத்தின் போதனை. ஆகவே, நாள் குறித்துப் பயமுறுத்துவோருக்கு மெய்யான பக்தியிலும் இடமில்லை.

வதந்தி வீண் பேச்சுத்தானே, அதனால் கேடென்ன என்று கேட்கலாம். 1955 ஜூன் 20ஆம் நாள் இலங்கையில் பூரண சூரிய கிரகணம் தெரிந்தது. அந்நேரத்தில் 'வதகஹ' எனப்படும் வசம்பின் சாற்றைக் குடித்தால் மேனி பொன்னிறமாகும் என்றொரு கதை பரவியது. குடித்தவர் பலர் வாந்தியும் பேதியும் கண்டு மருத்துவமனைகளில் கிடந்தனர். கிரகணம் எவரையும் தீண்டவில்லை, கதை தீண்டியது.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. பொய்யான எச்சரிக்கைகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்த செவி, மெய்யான எச்சரிக்கையையும் அலட்சியம் செய்துவிடும். மலைநாட்டுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அட்டனுக்கு அருகிலுள்ள வட்டவளை, ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஊர். 1992ஆம் ஆண்டில் அங்கே மலைச்சரிவு நகர்ந்து, கொழும்பிலிருந்து பதுளை செல்லும் புகையிரதப் பாதையைச் சிதைத்தது. பொறியியலாளர் சரிவை ஆராய்ந்து, மண்ணுக்குள் தேங்கிய நீரே பகைவன் எனக் கண்டனர். ஆழத்தில் துளையிட்டு அந்நீரை வடியச் செய்தனர். காரணம் தெரிந்தமையால் பரிகாரமும் தெரிந்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்னைய ஆண்டுகளிலேயே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, குடும்பங்கள் பத்திரமாகக் குடியேற வேறு நிலம் கிடைத்திருக்கவில்லை. லயத்தில் வாழ்வோரை நோக்கி 'வெளியேறுங்கள்' என்று சொன்னால் மட்டும் போதாது. எங்கே செல்வது என்பதையும் சொல்லவேண்டும். அது அதிகாரத்தில் உள்ளோரின் கடமை.

வதந்தி நாளைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. விஞ்ஞானம் காரணத்தையும் இடத்தையும் அறிகுறியையும் சொல்லும். நாளைச் சொல்லத் துணியாது. நிலத்தில் வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் சாய்தல், வீட்டுச் சுவர் பிளத்தல், புதிய ஊற்றுக் கலங்கலாகப் புறப்படுதல் ஆகிய இவையே மலைமக்கள் கற்கவேண்டிய பஞ்சாங்கம். அடைமழை இரவில் இவற்றைக் கண்டவர் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் அயல் லயத்தாரையும் எழுப்பிக்கொண்டு வெளியேறுதல் வேண்டும். அப்போது தோட்டத்துக் கோயில் மணி முழங்கினால், அது அச்சத்தை வளர்க்கும் மணியன்று. உயிர் காக்கும் மணி.