லாஸ்பேட்டை ஓடுபாதையும் 774 கோடியும்

பெஞ்சல் புயல் கரையைக் கடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2024 டிசம்பர் 20 அன்று லாஸ்பேட்டையில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் வந்து இறங்கியது. பெங்களூர், ஹைதராபாத் என்று இரண்டு ஊர்களுக்குச் சேவை. மூலக்குளத்து டீக்கடையில் அன்றைக்கு ஒரு பெரியவர் கேட்டார்: "மழை மூட்டமா இருந்தா இவன் எப்படிப்பா இறங்குவான்? அதுக்கு ஏதோ மெஷின் இருக்காமே, அதை வாங்கி வச்சா என்ன, அவ்வளவு செலவா?"

நியாயமான கேள்வி. இந்தக் குறிப்பு அவருக்காகத்தான்.

அவர் சொன்ன மெஷின் ஐ.எல்.எஸ். ஓடுபாதையின் நடுக்கோட்டை ஒரு ரேடியோ கற்றையும், சுமார் 3 டிகிரி சரிவை இன்னொரு கற்றையும் காட்டும். விமானி வெளியே பார்க்காமலே 200 அடி உயரம் வரை இறங்கி வரலாம். 1938லேயே அமெரிக்காவில் ஒரு பயணிகள் விமானம் பனிப்புயலில் இதை நம்பித் தரையிறங்கியது. அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1932 அக்டோபரில், டாடாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய், பெல்லாரி வழியாக மெட்ராஸ் வந்தபோது வழிகாட்ட ரேடியோ எதுவும் கிடையாது. கண்ணும் காம்பஸும்தான்.

கருவியின் விலை சில கோடி. ஆனால் செலவு அதோடு முடிவதில்லை. சரிவைக் காட்டும் கற்றை தரையில் பட்டுத் திரும்பும் அலையையும் சேர்த்துத்தான் உருவாகிறது. அதனால் ஆண்டெனாவுக்கு முன்னால் நிலம் சமதளமாக இருக்கணும், மேடு பள்ளம் கூடாது. நடுக்கோட்டைக் காட்டும் ஆண்டெனா ஓடுபாதையின் மறுமுனைக்கும் அப்பால் நிற்கும். முழு வசதி வேண்டுமென்றால் ஓடுபாதைக்கு வெளியே 900 மீட்டர் நீளத்துக்கு விளக்கு வரிசையும் போட வேண்டும். நம்ம ஓடுபாதையே ஏறக்குறைய 1,500 மீட்டர்தான்! சுற்றிலும் வீடுகள். நீட்டலாம் என்றால் நிலம் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறது; பல வருஷமாக அந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது. இதெல்லாம் செய்த பிறகும், குறிப்பிட்ட இடைவெளியில் விமான நிலைய ஆணையத்தின் சோதனை விமானம் வந்து கற்றை சரியாக இருக்கிறதா என்று பறந்து பார்க்கணும். நாளைக்கு ஒன்றிரண்டு விமானம் வரும் ஊருக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகுமா?

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாக வைக்காமல், எல்லா ஊருக்கும் சேர்த்து வானத்தில் வைத்தால்? ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த 'ககன்' திட்டம் அதுதான். மொத்தச் செலவு 774 கோடி ரூபாய். நாடு முழுக்க 15 தரை நிலையங்கள் ஜி.பி.எஸ். காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடும். அந்தத் திருத்தம் செயற்கைக்கோள் வழியாக விமானத்துக்குப் போய்ச் சேரும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பூமியின் காந்த நடுக்கோடு நம்ம தென்கோடி வழியாகப் போகிறது. தும்பாவில் 1963இல் ராக்கெட் விட்டதற்கே காரணம் அந்தக் கோடுதான். அதை ஒட்டிய வானத்தில் அயனி மண்டலம் கொந்தளித்துக்கொண்டே இருக்கும், ஜி.பி.எஸ். அலையைத் தடுமாற வைக்கும். அமெரிக்கா, ஐரோப்பாவின் கணக்கை அப்படியே எடுத்துப் போட்டால் இங்கே வேலைக்கு ஆகாது.

அடி வேறு விழுந்தது. ககன் கருவியோடு போன ஜிசாட்-4, 2010 ஏப்ரலில் ராக்கெட்டோடு கடலில் விழுந்தது. அடுத்து ஜிசாட்-8 (2011), ஜிசாட்-10 (2012), ஜிசாட்-15 (2015) மூன்றும் பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து ஏறின. புதுச்சேரிக்காரனுக்கு அந்தப் பெயர் சும்மா விடாது. 19ஆம் நூற்றாண்டில் இங்கேயிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்ம ஆட்களைக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுபோன இடங்களில் கயானாவும் ஒன்று.

2015இல் ககன் முறைப்படி தொடங்கியது. 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ஒன்று ககனை வைத்துத் தரையிறங்கியது. நம்ம ஊருக்கு வரும் அதே ரகம்!

அப்போ செலவு மறைந்துவிட்டதா? இல்லை, இடம் மாறிவிட்டது. தரையில் ஆண்டெனா வேண்டாம், சரி; விமானத்துக்குள் ககன் கருவி வேண்டுமே. 2019 ஜனவரிக்குப் பின் பதிவாகும் விமானங்களில் அது கட்டாயம் என்று 2016ஆம் ஆண்டுக் கொள்கை சொன்னது. அந்தக் கெடு 2021 ஜூலைக்குத் தள்ளிப்போனது. அதற்கு முன் பதிவான பழைய விமானத்தை மாற்றும் செலவு கம்பெனியின் தலையில். பெரிய ஊர்களில் ஏற்கெனவே ஐ.எல்.எஸ். இருக்கும்போது அவர்கள் ஏன் முந்திக்கொண்டு செலவழிக்கப் போகிறார்கள்? பயன் லாஸ்பேட்டைக்கு, பில் அவர்களுக்கு.

பெரியவரிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ மழை வந்தா பஸ்ஸுலயே போயிடலாம்ங்கற" என்றார். ஓடுபாதை நிலத்தின் கதையை வேறொரு பதிவில் எழுதுகிறேன்.